எள்ளுத் தாத்தா எந்த ஊர்?

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அங்கே சரித்திரப் பாடம், பிரான்சின் பூர்வகுடிகளான கோல் மக்களிலிருந்து தொடங்கும். வாத்தியார் அவர்களை ‘நம் முன்னோர்கள்’ என்றுதான் சொல்வார். நீண்ட முடி, தொங்கு மீசை, பன்றி வேட்டை. ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். விருதுபட்டிப் பக்கத்திலிருந்து மகனோடு பாண்டிச்சேரிக்கு வந்தவர் அவர். “ஒங்க தாத்தா வண்டி மாடு வச்சுப் பருத்தி ஏத்துனவருடா. பன்னி வேட்டைக்கு அவருக்கு ஏது நேரம்?” என்றார்.

பிறகு அப்பா கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார். நான் தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பாஸ் செய்து, பதிவுத்துறையில் குமாஸ்தாவானேன். 36 வருஷம் ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் சார்பதிவாளர் அலுவலகங்களில் மற்றவர்களுடைய தாத்தாக்களின் பெயர்களைப் படித்தே காலம் ஓடிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பேரன் பேசினான். அவனோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர், விடுமுறையில் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போய், சர்ச் பதிவேடுகளைப் பார்த்து, 400 வருஷத்துக்கு முந்தைய பாட்டன் வரை கண்டுபிடித்துவிட்டாராம். “தாத்தா, நாம எத்தனை தலைமுறை போகலாம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கு அப்பா, தாத்தா, மிஞ்சினால் கொள்ளுத் தாத்தா. அமாவாசைத் தர்ப்பணத்துக்குக் கூட மூன்று தலைமுறைப் பெயர் போதும். பூட்டன், ஓட்டன் என்று தமிழில் உறவுச் சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்களுக்கு நேராக எழுதப் பெயர்கள்தான் இல்லை.

இங்கிலாந்துக் கிராமத்தில் என்ன இருக்கிறது?

1538ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி அரசரின் மந்திரி தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு சர்ச்சிலும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் அதில் எழுத வேண்டும். 1598க்குப் பிறகு, வருஷா வருஷம் ஒரு நகல் பிஷப் அலுவலகத்துக்கும் போயாக வேண்டும் என்றார்கள். மூலம் கரையானுக்குப் போனாலும் நகல் தப்பிக்கும் அல்லவா? 1837இல் பிறப்பு, இறப்புப் பதிவை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1841லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் பெயரெழுதிய மக்கள்தொகைக் கணக்கும் சேர்ந்தது. அவர்களுக்கு மாறாத குடும்பப் பெயரும் இருக்கிறது. ஆகவே ஒரு நூலைப் பிடித்தால் அறுபடாமல் பின்னோக்கி வருகிறது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. சர்ச் புத்தகத்தில் ஏழைக்குக் கிடைப்பது ஒரு வரிதான். ஆனால் சில ஏழைகளின் கதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. காரணம் 1662இல் வந்த குடியிருப்புச் சட்டம். பிழைக்க வந்தவன் ஊருக்குப் பாரமாகிவிடுவான் என்று தோன்றினால், அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். எங்கே பிறந்தாய், அப்பன் யார், எங்கெல்லாம் வேலை பார்த்தாய் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டு, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, அந்த ஏழையின் பூர்வீகம் விரிவாகப் பதிவானது அவனை வெளியே அனுப்புவதற்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குப் போகும்போது இந்த விஷயம் மறுபடி வரும்.

நம் பக்கத்துப் புத்தகங்கள்

நமக்கு அப்படி ஒரே புத்தகம் கிடையாது. அதற்காகப் பதிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்முடையது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் எந்த ஜில்லா என்று தெரிய வேண்டும். ராமநாதபுரம் ஜில்லா உருவானதே 1910இல். அதற்கு முன்பு சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. சிவகாசியும் அதில் அடக்கம். அருப்புக்கோட்டை மதுரை ஜில்லா. விருதுபட்டி விருதுநகர் ஆனது 1923இல். நம் மாவட்டம் தனியானது 1985இல். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்த நாலு தலைமுறைக்காரர்கள் மூன்று ஜில்லா பார்த்திருப்பார்கள். 1900ஆம் வருஷத்துக் காகிதத்தை ‘விருதுநகர்’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்தது பிறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. கிராமத்தில் அதை எழுதியவர் கிராம முன்சீப். பழைய பதிவேட்டைப் புரட்டினால் தேதி இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், குழந்தையின் பெயர்க் கட்டத்தில் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். நம் வழக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பின்னால்தானே? ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில், இதில் எது நம் தாத்தா என்று மூத்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பக் கூடாது. ஜூன் மாதத்தில் ஊரே பிறந்திருக்கும்.

என் கணக்கில் நம் பக்கத்தில் மிகச் சிறந்த சாட்சி பத்திரம். பதிவுச் சட்டம் 1864இல் வந்தது. அதன் பிறகு பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் ஒன்றாம் புத்தகத்தில் நகலாக ஏறியிருக்கும். பெயர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒரு அட்டவணை. 1975க்குப் பிறகு உள்ளதற்குக் கம்ப்யூட்டரில் வில்லங்கம் பார்த்துவிடலாம். அதற்கு முந்தையது தடித்த புத்தகங்களில் கையால்தான் தேட வேண்டும். தேடியவனுக்குக் கூலி உண்டு. ‘இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்றுதான் பத்திரம் ஆரம்பிக்கும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பெயர் இருக்கும். ஜாதியும் தொழிலும்கூட இருக்கும்.

பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். நான் சொல்வது, நான்கெல்லையைப் படியுங்கள். ‘முத்தையா புஞ்சைக்குத் தெற்கு, வேலு புஞ்சைக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், அந்த முத்தையாவும் வேலுவும் பெரும்பாலும் பங்காளிகள். ஒரே நிலம் அண்ணன் தம்பிக்குள் கீறப்பட்டு அடுத்தடுத்த துண்டாக நிற்கும். குடும்ப மரம் வரைந்து யாரும் தர மாட்டார்கள். எல்லை விவரத்தில் அது படுத்துக் கிடக்கும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். சுப்பையா மகன் கருப்பசாமி, கருப்பசாமி மகன் சுப்பையா, அவன் மகன் மறுபடி கருப்பசாமி. 1880ஆம் வருஷத்துச் சுப்பையாவும் 1940ஆம் வருஷத்துச் சுப்பையாவும் ஒரே ஆள் என்று நினைத்து 90 வயது போட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்குக் குழப்பமாகத் தெரிவது நமக்கு ஒரு பிடி. ஒரு பெயர் கிடைத்தால், ஒரு தலைமுறை தாண்டி அதே பெயரைத் தேடலாம்.

வியாபாரக் குடும்பமாக இருந்தால் உறவின்முறையின் மகமைக் கணக்கு இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தவர் பெயரெல்லாம் அதில் வரும். விருதுநகரில் 1889இல் பள்ளிக்கூடம் வைத்ததும் அந்தப் பொதுப்பணமும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும்தான். கொடுத்தவன் பெயரைக் கணக்குப் புத்தகம் மறக்காது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, குலதெய்வக் கோயில். மாசிச் சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் எங்கெங்கோ இருந்து பஸ் பிடித்து, ஆள் இல்லாத கண்மாய்க் கரையில் போய்ப் பொங்கல் வைக்கிறோமே, அது ஏன்? அந்த இடம்தான் நம் பூர்வீகம். பஞ்சத்திலோ சண்டையிலோ ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிட்டார்கள். ஆகவே ஒரு கோயிலில் கேட்டால், ‘எங்க சாமிக்குப் பிடிமண் இன்ன ஊரிலிருந்து வந்தது’ என்பார்கள். அங்கே போனால் அதற்கும் மூலம் சொல்வார்கள். ஒவ்வொரு கோயிலிலும் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு ஒன்று இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. 50 வருஷ நோட்டு கைவசம் இருந்தால், எந்த வீடு எந்த வருஷம் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்துச் சர்ச் புத்தகத்துக்கு நம்மிடம் உள்ள அண்ணன் தம்பி அதுதான்.

கப்பலேறியவர்கள்

ஊரை விட்டு வெகுதூரம் போனவர்களுக்குக் கோயில் நோட்டும் இல்லை, பத்திரமும் இல்லை. அவர்கள் கதை வேறு. பதிவுத்துறையில் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்ற செய்தி எப்படியோ பரவி, ஓய்வு பெற்ற பிறகு சிலர் காகிதங்களோடு வந்தார்கள். பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் பிரச்சினை அதிகம் இல்லை. ‘எத்தா சிவில்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகள் ஒழுங்கானவை; பழைய பதிவுகளைத் தென் பிரான்சில் எக்ஸான் ப்ரொவான்ஸ் ஊரிலுள்ள ஆவணக் காப்பகம் இணையத்திலேயே போட்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, நம் வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். அப்படிக் குடும்பப் பெயர் மாறிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அதற்கு முன்னால் சுத்தத் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வந்துவிடும்.

கஷ்டம், தீவுக்காரர்களுக்கு. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்கள் ஏற்றப்பட்டார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பர் 24ஆம் தேதி குவாதலூப் தீவிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். 1861இல் இங்கிலீஷ் அரசாங்கத்தோடு பிரான்ஸ் ஒப்பந்தம் போட்ட பிறகு, இங்கிலீஷ் ஜில்லாக்களின் ஆட்களும் சட்டப்படியே பிரெஞ்சுக் கப்பலில் ஏறினார்கள்.

இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ‘மத்ரிக்யூல்’ என்பார்கள். பெயரைக் காதில் விழுந்தபடி ஒரு பிரெஞ்சுக் குமாஸ்தா எழுதினார். நானும் குமாஸ்தா என்பதால் அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வரிசை நீளம், வெயில், தமிழ் தெரியாது. வீரப்பன் அவர் கையில் ‘விராப்பேன்’ மாதிரி மூக்கால் ஒலிக்கும் எழுத்தாயிற்று. சின்னப்பன் ‘சினாப்பேன்’. முத்துசாமி ‘மூதூசாமி’. ஒருவருடைய சொந்தப் பெயராக இருந்தது, அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. இன்றைக்கு அங்கே பிரெஞ்சு மட்டும் பேசுகிற ஒருவர் தன் பெயரைச் சொன்னால், முதன்முதலில் கப்பல் ஏறிய பாட்டன் பெயரைச் சொல்கிறார். நம் பேரனுக்குத் தாத்தா பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருகிறது. அவர்களுக்கு விடாமல் வருகிறது.

இந்த எழுத்துகளைப் பிரெஞ்சு உச்சரிப்பில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தமிழ் வெளியே வந்துவிடும். இங்கிலீஷ்காரர் மாதிரிப் படித்தால் வராது. வந்தவர்களுக்கு நான் செய்த உதவி இவ்வளவுதான்: சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு வயதான தம்பதி. “மறுபடி சொல்லுங்கள்” என்று அந்த அம்மாள் மூன்று தடவை கேட்டார். தன் வீட்டுப் பெயரைத் தமிழாக அன்றுதான் முதல் தடவை கேட்கிறார்.

காகிதம் இப்படிச் சிதைந்த இடத்திலும் சாமி சிதையவில்லை என்பதுதான் ஆச்சரியம். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தமிழ் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. ஆனால் ‘மால்தெவிலேன்’ என்று ஒரு சாமிக்கு இன்றும் கிடாய் வெட்டுகிறார்கள். அது நம் மதுரைவீரன். ‘மாலியெமேன்’ என்றால் மாரியம்மன். பிடிமண் எடுக்க முடியாத தூரம். பெயரை மட்டும் வாயில் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பூர்வீகம் என்பது அவர்களுக்கு வெறும் ஆசை மட்டும் இல்லை. அது வழக்காகவும் வந்தது. குவாதலூப்பில் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம் (1863–1952). பிரெஞ்சு மண்ணில் பிறந்திருந்தும், இந்தியர் வம்சம் என்பதால் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் ஓட்டும் கிடையாது என்று அரசாங்கம் நின்றது. 1904இல் தொடங்கிய வழக்கை விடாமல் நடத்தி, 1923இல் அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தார் அவர். 19 வருஷம். இன்றும் அந்தத் தீவில் அவர் பெயரை மரியாதையாகச் சொல்கிறார்கள்.

இலங்கையில் கேட்ட கேள்வி

நம் கரிசல் பக்கத்து ஜனங்களுக்கு நெருக்கமான கதை கொழும்புக் கதை. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், மழை பொய்த்த ஒவ்வொரு முறையும், ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஆட்கள் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கூட்டிப் போனவர் கங்காணி. அவர் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்ப்பார். அதனால் ஒரு லயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஜனங்களாக இருந்தார்கள். ஊர்ப் பெயர், சாமி பெயர், முறை எல்லாம் அப்படியே காப்பாற்றப்பட்டன. கங்காணியின் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ச் சீட்டு 1921 வரை அவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. அவர்களைப் பற்றி ஒழுங்காக எழுதி வைத்த காகிதம் அநேகமாக அந்தக் கடன் காகிதம்தான்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருஷமே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளியால் குடியுரிமை வேண்டுமென்றால், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். இங்கே வீடு வாசலோடு இருக்கும் நம்மில் எத்தனை பேரால் தாத்தாவின் பிறப்புச் சான்றைக் காட்ட முடியும்? லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, கையெழுத்துத் தெரியாமல் செத்தவரின் பிறப்புச் சான்றுக்கு அந்தப் பேரன் எங்கே போவான்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தான் வாசிகளுக்கென்று இன்னொரு சட்டம். கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். கிடைத்தது ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். ஊருக்குப் போய்த் தங்கியது, ஊருக்குப் பணம் அனுப்பியது எல்லாம் மனுதாரருக்கு எதிராகவே பார்க்கப்பட்டன. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்து போனதும், ஆத்தாளுக்கு மணியார்டர் போட்டதும் குற்றமாகிவிட்டன. 1662ஆம் வருஷத்து இங்கிலாந்து மாஜிஸ்திரேட் கேட்ட அதே கேள்விதான்: உன் சொந்த ஊர் எது? திருப்பி அனுப்புவதற்காகக் கேட்கும் கேள்வி.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடு பாகம் பிரிப்பது போல. அங்கே தங்கிவிட்டு நாடில்லாமல் கிடந்தவர்களுக்கு முழுத் தீர்வு சொன்ன சட்டம் 2003இல்தான் வந்தது.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, கையில் குடும்ப அட்டையோடு நம் பக்கத்து ஊர்களுக்கு வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘சிலோன்காரங்க’ என்றோம். அங்கே இந்தியக்காரன், இங்கே சிலோன்காரன்.

1970களின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆபீசுக்கு அப்படி ஒருவர் வந்தார். கையில் காகிதம் எதுவும் கிடையாது. தாத்தா பெயர், கிராமத்தின் பெயர், சாமி பெயர் மூன்றும் வாயில் இருந்தன. தாத்தாவுக்குக் காடு இருந்ததென்று பாட்டி சொல்லியிருக்கிறாள். தேடுதல் கட்டணம் கட்டினார். பெயர் அட்டவணையில் அந்தக் கிராமத்துக்கு அதே பெயரில் இரண்டு பேர். நான்கெல்லையைப் பார்த்ததில் ஒருவருடைய நிலத்துக்கு வடக்கே அந்தச் சாமியின் கோயில். அதுதான். 1911இல் எழுதின கிரயப் பத்திரம். இரண்டு குறுக்கம் கரிசல், கடனுக்கும் ‘கொழும்பு செல்லும் வழிச்செலவுக்கும்’ விற்றதாக எழுதியிருந்தது. நான் படித்துக் காட்டிவிட்டு, “ஐயா, இது விற்றுப்போன நிலம். உங்களுக்கு இதில் பாத்தியதை ஒன்றும் இல்லை” என்றேன். “தெரியுதுங்க. நகல் ஒண்ணு குடுங்க” என்றார். “நகல் எதற்கு?” என்று கேட்டேன். “தாத்தா பேரு சர்க்கார் எழுத்துல இருக்குல்லீங்களா” என்றார். நகல் கட்டணம் அவருக்கு இரண்டு நாள் கூலி இருக்கும். வாங்கிக்கொண்டு, அந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எழுதாமல் விட்டவர்கள்

இத்தனை புத்தகங்களையும் புரட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. அரசாங்கம் எழுதுவது அதன் தேவைக்கு. வரி வாங்க, கடன் வசூலிக்க, கூலி எண்ண, வெளியே அனுப்ப. நாம் எழுதியது சாமிக்கும் சொத்துக்கும். இந்த இரண்டிலும் விட்டுப்போனவர்கள் இரண்டு கூட்டம்.

ஒன்று, நிலம் இல்லாதவர்கள். விற்க ஒன்றுமில்லாதவனுக்குப் பத்திரம் ஏது? அவன் பெயர் பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி, அதுவும் எழுதியிருந்தால். இன்றைக்கும் இது பழங்கதை இல்லை. சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால், மறுவாரமே அந்த வீட்டுக்காரர்கள் வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். இறந்தவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஊரில் கூப்பிடும் பெயர் வேறு. அவர்தான் இவர் என்று நிரூபித்தால்தான் நிவாரணம் கைக்கு வரும். துக்க வீட்டில் உட்கார்ந்து அழவேண்டிய பெண், எழுத்துப்பிழை திருத்த மனு எழுதிக்கொண்டிருப்பாள். அந்த மனுக்களில் பலவற்றை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, பெண்கள். தலைக்கட்டு நோட்டில் பெண் பெயர் இல்லை. பிறந்த வீட்டு நோட்டில் இன்னொரு வீட்டுக்குப் போனவள்; புகுந்த வீட்டு நோட்டில் புருஷன் பெயருக்குள் அடங்கியவள். இலங்கைச் சட்டமும் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்றுதான் கேட்டது. பழைய பத்திரங்களில் பெண் பெயர் வந்தால் அநேகமாக விதவையாக இருப்பாள், ‘இன்னார் பெண்சாதி’ என்று வருவாள். என் அப்பத்தாவின் அம்மா பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அப்பத்தா சொல்லி நான் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் குலதெய்வம், அது இருக்கும் கிராமம், பிடிமண் எங்கிருந்து வந்தது, இதை எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் அப்பா வழியில் தெரிந்தவரை. மூன்றாவது பக்கத்தில் அம்மா வழியில் தெரிந்தவரை. அம்மாவின் அம்மா எந்த ஊரில் பிறந்தாள், அவளுடைய பொறந்த வீட்டுச் சாமி எது என்று கட்டாயம் எழுதுங்கள். பட்டப்பெயரையும் எழுதுங்கள், ஊரில் கேட்டால் அதைத்தான் தெரியும் என்பார்கள். கொழும்பு, பர்மா, மலேயா என்று போய்த் தகவல் நின்றுபோனவர்கள் பெயரும் போன வருஷமும் இருக்கட்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்றைக்காவது ஒருநாள் தேடிக்கொண்டு வரலாம். பீரோவிலிருக்கும் பழைய பத்திரத்தின் முதல் பக்கத்தையும் நான்கெல்லைப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அடுத்த சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகும்போது, தலைக்கட்டு நோட்டு வைத்திருப்பவரிடம் கேட்டு, பழைய நோட்டுகளைப் பேரனை விட்டுப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கரையான் நமக்காகக் காத்திருக்காது.

பேரனுக்கு நானும் பதில் எழுதிவிட்டேன். அப்பா வழியில் ஐந்து தலைமுறை, அம்மா வழியில் மூன்று. இங்கிலாந்துக்காரரின் 400 வருஷத்துக்கு முன்னால் இது சின்னக் கணக்குதான். ஆனால் அதில் ஏழு பெண்களின் பெயர் இருக்கிறது.